டிரமடால் இல்லாம இடுப்பு வலியை சமாளிக்க முடியுமா?

அப்பாவுக்கு 2 வருஷமா இடுப்பு வலி, டிரமடால்ங்கற வலி மாத்திரை போட்டாத்தான் நடமாட்டமே, இதை விட்டா வேற வழி இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்குங்க. நானும் அதுல இருந்து வெளிய வந்தவதான். ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது ரொம்ப முக்கியம்.

நான் திருப்பூர்ல டெய்லர். 11 வருஷமா மிஷின்ல உக்காந்த வேலை. இடுப்புல ஆரம்பிச்சு இடது கால் வரைக்கும் இழுக்கும், எம்ஆர்ஐ எடுத்ததுல கீழ் முதுகுல ஜவ்வு பிதுங்கியிருக்குன்னாங்க. டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, 10 நாளைக்குத்தான். நான் பழைய சீட்டை வச்சே ஒன்றரை வருஷம் வாங்கிப் போட்டேன். முதல்ல ஒண்ணு கேட்டுச்சு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு போட்டும் பத்தல. மலச்சிக்கல், தலைசுத்தல், எதுலயும் மனசு ஒட்டாது.

ஒரு தடவை மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு போனப்ப மாத்திரை தீர்ந்துபோச்சு. ரெண்டு நாள் போடலை. உடம்பெல்லாம் வேர்த்து கொட்டுது, மூக்கு ஒழுகுது, கால் ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. காய்ச்சல்னு நினைச்சு அம்மா கஷாயம் வச்சுக் குடுத்தாங்க. அந்த மாத்திரை கிடைச்சு போட்டதும் கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு. அப்பத்தான் எனக்கு பயம் புடிச்சது. டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் இனத்து வலி மருந்து, மார்ஃபின் வேலை செய்யிற அதே இடத்துலதான் இதுவும் வேலை செய்யுது, 2018ல இருந்து நம்ம நாட்டு போதைப்பொருள் சட்டத்துக்குள்ள இருக்குங்கறதெல்லாம் அதுக்கப்புறம் வலி சிகிச்சை டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது. ரொம்ப நாள் போட்டா சிலருக்கு உடம்பு வலியை முன்னைவிட ஜாஸ்தியா உணர ஆரம்பிக்கும்னும் சொன்னார்.

அவர் எனக்கு 3 மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா டோஸை குறைச்சார். கால் இழுக்கிற நரம்பு வலிக்கு டூலாக்ஸெட்டின்னு ஒரு மாத்திரை, அதை டிரமடால் முழுசா நின்னப்புறம்தான் ஆரம்பிச்சார், ரெண்டும் சேர்ந்தா மூளையில செரட்டோனின்ங்கற ரசாயனம் ஏறி ஆபத்தாகலாமாம். இதுக்கு முன்னாடி வேற ஒரு டாக்டர் குடுத்த ப்ரீகாபலின்ங்கற நரம்பு வலி மாத்திரை எனக்கு ஒத்துக்கல, நாள் பூரா தூக்கம், பாதம் வீக்கம். சிலருக்கு நல்லா கேக்குதுங்கறாங்க, அது ஆளுக்கு ஆள் மாறும். டிக்லோஃபெனாக் மாதிரி வீக்கம் குறைக்கிற வலி மாத்திரையை அப்பா வயசுல தினமும் போடறது எனக்கு பயம், வயித்துப்புண், பிரஷர், கிட்னின்னு இழுத்துட்டு போகும். சர்க்கரை இருந்தா கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) பாக்காம தொடவே வேண்டாம்.

ஆனா உண்மையா என்னை மாத்தினது பிசியோதான். நான் ஒன்றரை வருஷமா குனியவே பயந்துட்டு இருந்தேன், குடத்தை தூக்கமாட்டேன், இடுப்பு பெல்ட்டை கழட்டமாட்டேன். அந்த பிசியோ மேடம் முதல் நாளே சொன்னாங்க, "வலிக்குதுன்னா ஒவ்வொரு தடவையும் உள்ள ஏதோ கெட்டுப்போகுதுன்னு அர்த்தமில்ல, பயந்து அசையாம இருந்தா தசை இன்னும் வீக்காகும்". மல்லாந்து படுத்து இடுப்பை தூக்கறது, கையையும் முழங்காலையும் ஊனி ஒரு கையையும் எதிர் காலையும் நீட்டறது, அப்புறம் நடை. முதல் வாரம் 5 நிமிஷம்தான் நடந்தேன், அழுகையா வந்துச்சு. நாலு மாசத்துல 30 நிமிஷம் ஆச்சு. ஆஸ்திரேலியாவுல இடுப்பு வலி வந்து சரியான 701 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2024ல வெளியிட்டாங்க, பிசியோ சொல்லிக் குடுத்தபடி நடந்தவங்களுக்கு வலி திரும்ப வர சராசரியா 208 நாள் ஆயிருக்கு, மத்தவங்களுக்கு 112 நாள்தான். காசே செலவில்லாத வைத்தியம் இது. தோல் மேல லேசா கரண்ட் குடுக்கற டென்ஸ் மிஷின் மாட்டியிருக்கற வரைக்கும் இதமா இருந்துச்சு, அவ்ளோதான். வென்னீர் ஒத்தடமும் அப்படித்தான், ஆனா ராத்திரி தூங்க உதவுச்சு, தூக்கம் கெட்டா மறுநாள் வலி ரெண்டு பங்கு.

டிரமடால் இல்லாட்டி வலி தாங்கமுடியாதேன்னு அப்பா பயப்படுவார், நானும் பயந்தேன். 2018ல அமெரிக்காவுல முதுகு, முட்டி, இடுப்பு மூட்டு வலி உள்ள 240 பேரை ஒரு வருஷம் ரெண்டு பிரிவா வச்சுப் பாத்தாங்க, ஓபியாய்டு போட்டவங்க நடமாட்டத்துல மத்தவங்களைவிட ஒண்ணும் முன்னேறலை, வலியும் மத்த மருந்து போட்டவங்களுக்குத்தான் கொஞ்சம் கம்மி. கேன்சர் வலி கதை வேற, அங்க மார்ஃபினை மறுக்கவே கூடாது.

எனக்கு வலி முழுசா போயிருச்சான்னா இல்லைங்க. பத்துக்கு எட்டுல இருந்தது இப்ப ரெண்டு மூணுல நிக்குது, 40 நிமிஷத்துக்கு ஒருக்கா மிஷினை விட்டு எந்திரிக்கிறேன், முழு ஷிப்டும் வேலை பாக்கறேன்.

அப்பாவுக்கு திடீர்னு ஒண்ணுக்கு போக முடியலைன்னாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமில்லாம தொய்ஞ்சு போனாலோ இதெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மத்தபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறப்ப அவர் போடற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல எடுத்துட்டு போங்க, தூக்க மாத்திரை இருந்தா மறைக்காம காட்டுங்க, டிரமடாலோட அது சேர்ந்தா மூச்சையே அமுக்கிரும்.