மூன்றாம் அடிக்குக் காத்திருத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுமரபான ப்ளூஸின் பழைய கலைஞர்களது புகழ்பெற்ற வரிகளையும் பேச்சுகளையும் சில காலமாகத் தொகுத்து வருகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு வரியும் என்னை உலுக்கியது. தொகுப்பு பெருகப் பெருக, எல்லாம் ஒரே புலம்பலாகத் தெரிகிறது. காதலி போய்விட்டாள், கையில் காசில்லை, ஒருநாள் வெயில் அடிக்கும் என்பதைத் தாண்டி இவற்றில் என்ன இருக்கிறது? இவற்றை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் நின்று சாத்தானிடம் தன் ஆன்மாவை விற்றதைப் பாடியிருப்பதாகப் பலரும் எழுதுகிறார்கள். அந்த வரியைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை.

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த வரி உங்களுக்குக் கிடைக்காததற்குக் காரணம், ஜான்சன் பதிவு செய்த 29 பாடல்களில் எதிலும் அப்படியொரு வரி இல்லை என்பதே. சாத்தான் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவதாக அவருடைய வேறொரு பாடல் சொல்கிறது. ஆன்மாவை விற்ற கதை அதிலும் கிடையாது. 1936 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பதிவான நாற்சந்திப் பாடலில், அவர் மண்டியிட்டு ஆண்டவரிடம்தான் இரக்கம் கேட்கிறார். பிறகு எழுந்து, அவ்வழியே போகும் வண்டிகளை நிறுத்தக் கைகாட்டுகிறார். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, எல்லோரும் கடந்து போகிறார்கள். பொழுது சாய்கிறது, இருட்டு என்னை இங்கேயே பிடித்துக்கொள்ளப் போகிறது என்கிறார். கடைசியில், தன் நண்பனும் கிதார் கலைஞனுமான வில்லி பிரவுனிடம் தன் நிலையைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார்.

ஜான்சன் வாழ்ந்த அந்த நாளின் மிசிசிப்பி மாநிலத்தில், முன்பின் தெரியாத சாலையில், இருட்டிய பிறகு தனியாக நிற்கும் ஒரு கறுப்பின இளைஞனை, வேலையின்றித் திரிகிறான் என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில் பிடித்துச் சென்று கட்டாய வேலையில் தள்ள முடியும். அதைவிடக் கொடியதும் நிகழக்கூடும். ஆகவே பொழுது சாய்வதைப் பற்றிய அந்த அடியை நான் அழகுக்காகச் சேர்த்த காட்சியாகப் படிப்பதில்லை. வீடு போய்ச் சேர வண்டி கிடைக்காத ஒருவனின் அச்சத்தை, நேரத்தோடும் இடத்தோடும் சொல்லும் கூற்றாகவே அதைப் படிக்கிறேன். சாத்தான் கதை முதலில் வேறொருவரைப் பற்றியது. டாமி ஜான்சன் என்ற, உறவில்லாத மற்றொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் லெடெல் சொன்னது அது. 1938இல் தமது 27ஆம் வயதில் இறந்துபோன ராபர்ட்டின் மேல் அது பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியபின் அவர் பாடிய உண்மையான பயம் எவர் காதிலும் விழாமல் போயிற்று என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ப்ளூஸ் வரிகள் நினைவில் நிற்பதற்குக் காரணம் சோகம் என்று நான் நினைக்கவில்லை. சோகம் எல்லா மொழிப் பாடல்களிலும் தாராளமாக உண்டு. இந்த வரிகளைத் தனித்து நிற்க வைப்பது அவற்றின் விவரம்: எந்தச் சாலை, எந்த ஊர், என்ன நேரம், யார் தடுத்தார்கள் என்பது. நீங்கள் தொகுக்கும் துணுக்குகளில் முதலில் வெட்டி எறியப்படுவது இந்த விவரம்தான். அதை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது நீங்கள் சொல்லும் புலம்பலே.

வடிவத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ப்ளூஸ் பாடல்களில் முதல் அடி இருமுறை பாடப்படுகிறது. மூன்றாம் அடி அதற்கு விடை சொல்கிறது. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பாடகர் இடைவெளி விட, அதைக் கிதார் நிரப்புகிறது. சனிக்கிழமை இரவு நடனக்கூடத்தில் நேரம்போவது தெரியாமல் அடிகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டிய பாடகருக்கு, முதல் அடியைத் திரும்பப் பாடுவது மூன்றாவதைத் தேடிக்கொள்ள அவகாசம் தந்தது. கேட்பவர்களும் அந்த அவகாசத்தில், இவர் எதைச் சொல்லி முடிக்கப் போகிறார் என்று காத்திருந்தார்கள். முதல் அடியை மட்டும் எடுத்து அட்டையில் அச்சிடுவது, கேள்வியை வைத்துக்கொண்டு பதிலைத் தூக்கியெறிவதாகும்.

சன் ஹவுஸ் என்ற ப்ளூஸ் பாடகர் 1965இல் பதிவு செய்த மரணச் செய்திப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர்கள் அவர் 1930இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊரில் பாடிய பாடல் வரை போகின்றன. காலையில் ஒரு கடிதம் வருகிறது. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா என்று கேட்கிறார், மறுபடியும் கேட்கிறார், பிறகு சொல்கிறார்: விரைந்து வா, நீ நேசித்தவள் இறந்துவிட்டாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். போய்ச் சேரும்போது, அடக்கத்துக்கு முன் உடலைக் கிடத்தும் பலகையில் அவள் கிடக்கிறாள். இடுகாட்டைச் சுற்றிப் பத்தாயிரம் பேர் நின்றதுபோல் இருந்தது என்று இருமுறை பாடிவிட்டு, அவளைக் குழிக்குள் இறக்கத் தொடங்கும்வரை அவளை நேசித்தேன் என்பதே எனக்குத் தெரியாது என்று முடிக்கிறார். இந்தக் கடைசி அடி உங்கள் தொகுப்பில் தனியாக இருக்கக்கூடும். தனியாகப் படித்தால் அது காலம் கடந்த ஞானம். கடிதம், பெட்டி, பலகை, கூட்டம் ஆகியவற்றைக் கடந்து அதை அடையும்போது, பேச வராத ஒரு மனிதன் தன்மீதே சொல்லும் குற்றச்சாட்டாக அது ஒலிக்கிறது.

இதே சன் ஹவுஸ் முதுமையில், ப்ளூஸ் என்பது ஒன்றே ஒன்றுதான், காதலிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடப்பதுதான், மற்றதெல்லாம் குரங்குச் சேட்டை என்னும் பொருளில் பேசியிருக்கிறார். இந்தப் பேச்சு பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் 1930இல் அவரே வறட்சியைப் பற்றி இரண்டு பகுதிகளாக ஒரு பாடலைப் பதிவு செய்திருக்கிறார்; பருத்தியும் சோளமும் கருகுகின்றன, தெற்கத்திய மக்களுக்கு இனி வீடே இருக்காது என்கிறது அது. அதே அமர்வில், ஞானஸ்நானச் சபையில் சேர்ந்து பிரசங்கியாகிவிட்டால் வேலையே செய்ய வேண்டியிருக்காது என்றும் பாடினார். இளமையில் உண்மையாகவே பிரசங்கம் செய்து, அந்த ஊழியத்துக்கும் கிதாருக்கும் இடையே ஆயுள் முழுக்க அலைக்கழிந்தவர் அவர் என்பதை அறிந்தால், அந்தக் கேலி எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பது விளங்கும். கலைஞரின் பேச்சுக்கும் பாடலுக்கும் முரண் வந்தால், நான் பாடலையே நம்புவேன்.

விவரம் சாட்சியமாகவே மாறிவிடும் இடமும் உண்டு. 1927 ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரை மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் உடைந்து, கிரீன்வில் நகரமும் பரந்த பருத்தி நிலங்களும் நீரில் மூழ்கின. எஞ்சிய கரையின் மேல் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் தங்க நேர்ந்தது. அவர்களை ஏற்றிச் செல்லப் படகுகள் வந்தபோதும், விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் குடிகள் போனால் திரும்ப மாட்டார்கள் என்று நிலக்கிழார்கள் அஞ்சினார்கள். அதனால் பெரும்பாலும் வெள்ளையர்களே ஏறிச் சென்றார்கள். மிசிசிப்பிப் பாடகர் சார்லி பேட்டன் 1929 இறுதியில் அந்த வெள்ளத்தைப் பாடும்போது, மேட்டு நாட்டுக்குப் போயிருப்பேன், போகவிடாமல் என்னைத் தடுத்துவிட்டார்கள் என்கிறார். தடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் அதைக் கேட்டவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை. இதைப் புலம்பல் என்று உங்களால் ஒதுக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்தமானவர் அவ்வளவு புகழ் பெறாத ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸ். டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் என்னும் சிற்றூரைச் சுற்றியே அவருடைய பாடல்கள் அமைந்தன. கார் பழுதுபார்ப்பவர், வீடு தீப்பற்றி எரிந்த பெண்மணி, தாம் நீரில் மூழ்கிப் பிழைத்த மிதவைப் பாலம் என்று, தம் ஊரின் செய்திகளையே அவர் பாடினார். 1941இல் பதிவான ஒரு பாடலில் கிளார்க் என்ற உள்ளூர் வழக்கறிஞரைப் புகழ்கிறார். நீ கல்லறைக்குள் போகாமல் மட்டும் உன்னைப் பார்த்துக்கொள், சிறைக்குள் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த வழக்கறிஞர் சொன்னாராம். சட்டம் தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாத ஒருவர், நல்ல வழக்கறிஞர் ஒருவர் வாய்த்ததற்கு நன்றி சொல்லும் வரி இது. சிரிப்பும் நன்றியும் அச்சமும் இதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அமெரிக்கத் தெற்கின் நீதியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லி நான் அறியவில்லை.

உங்கள் தொகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பின்வாசலில் ஒருநாள் வெயில் அடிக்கும் என்பது போன்ற பல அடிகள் தனியொருவரின் சொத்தல்ல. பாடகர்கள் பொதுவான ஒரு கையிருப்பிலிருந்து எடுத்து, தம் பாடலுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆகவே ஒரு வரியின் கீழ் ஒரே பெயரை அச்சிடுவது பெரும்பாலும் பிழையாக முடியும். காலத்தையும் சரிபார்க்க வேண்டும். விழுந்தவனை எவருக்கும் தெரியாது என்று பெஸ்ஸி ஸ்மித் பாடியதை 1929 அக்டோபர் பங்குச்சந்தை வீழ்ச்சியின் குரலாக எழுதுகிறார்கள். அவர் அதைப் பதிவு செய்தது அதே ஆண்டு மே மாதம். ஜிம்மி காக்ஸ் அதை இயற்றியது 1923இல். வீழ்ச்சிக்குப் பிறகு மக்கள் அதில் தங்களைக் கண்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு செய்தி.

தொகுப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு வரியோடும் அதன் முழுக் கண்ணியையும், பாடியவர் பெயரையும், பதிவான ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதிவையுங்கள். எஸ்டெஸின் வழக்கறிஞர் பாடலை முதலில் கேளுங்கள். அதில் புலம்பலைத் தேடினாலும் உங்களுக்குக் கிடைக்காது. அடுத்து சன் ஹவுஸ் 1965இல் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள், ஒலித்தரம் நன்றாக இருப்பதால் சொற்கள் தெளிவாகக் காதில் விழும். பேட்டனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இசைத்தட்டுகளில் இரைச்சல் மிகுதி, உச்சரிப்பும் கரடுமுரடானது. வரிகளை எழுத்தில் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கேட்டால்தான் பிடிபடும்.

அன்புடன்.