கடல்மேல் பித்துப் பிடித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டா?

உண்டு: தலாசோஃபைல். ‘லா’வை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் தலாசா என்றால் கடல். காபிப் பிரியர் என்கிறோமே, அந்தப் ‘பிரியர்’தான் ஃபைல். பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்ஸ்டாகிராமில் கடற்கரைப் படத்துக்குக் கீழே நிறையக் கிடைக்கும்.

எனக்குத் தலாசா பழக்கமானது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். தலசீமியாவில் இருப்பதும் இதே கடல்தான். 1925-இல் டெட்ராய்ட்டில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்த ரத்தசோகையை விவரித்தார். ஆரம்பத்தில் இத்தாலிய, கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளைகளிடமே அதிகம் தெரிந்ததால், மத்திய தரைக்கடலை மனதில் வைத்துப் பிற்பாடு ‘கடல் ரத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பஞ்சாபிகளிடமும் அது பரவலாக உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற புரத வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால், கடலையே பார்த்திராத லூதியானாக்காரரின் ரிப்போர்ட்டிலும் கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும்!

சரி, உண்மையான கடல் பித்தர்கள் யார்? என் ஓட்டு ஒரு கூலிப்படைக்கு. பாரசீக அரியணைக்காகத் தன் அண்ணனோடு மோதிய இளைய சைரஸ், கி.மு. 401-இல் கிரேக்க வீரர்களைக் கூட்டிக்கொண்டு போனான். பாபிலோன் அருகே நடந்த போரில் அவனே செத்துப்போனான். தளபதிகளும் வஞ்சகமாகக் கொல்லப்பட, மிஞ்சியவர்கள் ஊர் திரும்ப ஆர்மீனியப் பனியில் வடக்கே நடந்தார்கள். கூடவே போன செனஃபோன் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு மலை உச்சியில் முன்வரிசை கூச்சல் போட, பின்னால் வந்த அவர் எதிரி தாக்குகிறான் என்று நினைத்துக் குதிரையை விரட்டினார். கிட்டே போனால் ‘தலாத்தா! தலாத்தா!’ என்று கத்துகிறார்கள். ஏதென்ஸ் உச்சரிப்பில் அதுதான் தலாசா. எதிரே கருங்கடல். தளபதி, சிப்பாய் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

அப்புறம் கரையில், இன்றைய துருக்கியின் திராப்சோனில், கூட்டம் போட்டார்கள். ஒருவன் எழுந்து, மூட்டை கட்டியும் நடந்தும் ஓடியும் அலுத்துவிட்டது, கடல்தான் வந்தாயிற்றே, மிச்ச தூரத்தை கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸ் மாதிரி மல்லாந்து படுத்தபடி கப்பலில் போகலாம் என்றான். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் கப்பல் போதவில்லை. நோயாளிகள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், குழந்தைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்கள் மறுபடி நடையைக் கட்டினார்கள்.