பாரசீக வண்ணப் பேனாப் பெட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஈரானின் பழைய பேனாப் பெட்டிகளின் மேலிருப்பது அரக்கா?

பதில்: இல்லை. அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. சீனாவிலும் ஜப்பானிலும் பூசப்படுவது ஒரு மரத்தின் பால். ஈரானியக் கைவினைஞர்களோ காகிதக்கூழால் பெட்டியை வார்த்து, அதன்மேல் வெண்பூச்சிட்டு, நீர்வண்ணத்தால் ஓவியம் தீட்டி, சாண்டராக் என்னும் பிசினை ஆளிவிதை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷை அதற்குக் காப்பாகப் பூசினார்கள். எனவே இவற்றைச் சுவடி ஓவியத்தின் உடன்பிறப்பு என்றே கருதுகிறேன். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள ஹெராத் அரசவையில் நூல் அட்டைகளுக்குத்தான் இம்முறை முதலில் கையாளப்பட்டது.

கேள்வி: சாதாரணப் பேனாப் பெட்டிக்கு அரசவையில் அவ்வளவு மதிப்பு ஏன்?

பதில்: எழுத்தரும் அமைச்சரும் இடைக்கச்சையில் செருகிக்கொண்ட பேனாப் பெட்டிதான் அவர்களுடைய பதவியின் அடையாளமாகவே விளங்கியது. 1797 முதல் 1834 வரை ஈரானை ஆண்ட ஃபத் அலி ஷாவின் நீண்ட கரிய தாடியும் மணிமுடியும் இத்தகைய பொருள்களின்மேல் மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டன.

கேள்வி: இப்பெட்டிகளில் தீட்டப்பட்ட ரோஜாவும் பறவையும் எதைக் குறிக்கின்றன?

பதில்: அது புல்புல் (பாரசீகத்தில் நைட்டிங்கேல் என்னும் பாடும் பறவையின் பெயர்), ரோஜாவை நினைந்து ஏங்கும் காதலன். பாரசீகக் கவிதையில் அந்த ஏக்கம் இறைவனை நாடும் உயிரின் ஏக்கமாகவும் பாடப்பட்டது.

கேள்வி: என் பெட்டியில் ஓவியர் பெயருக்குப் பதிலாக ஏதோ துதிவாசகம் இருக்கிறது. இது கையொப்பமா?

பதில்: ஆகலாம். இந்த மரபில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். 18ஆம் நூற்றாண்டு ஓவியரான அலி அஷ்ரஃப், "முகம்மதுக்குப் பின் அலியே மிக மேலானவர்" என்னும் பொருள்படும் பாரசீக வரியையே கையொப்பமாக இட்டார். 'மிக மேலானவர்' என்பதற்குரிய சொல் 'அஷ்ரஃப்' என்பதால், துதிக்குள்ளேயே அவர் பெயரும் அமைந்துவிடுகிறது. நஜஃப் அலி என்னும் ஓவியர், நஜஃப் நகரில் அடக்கமான இமாம் அலியை "நஜஃபின் அரசே" என்று விளித்து, தம் பெயரையும் அதில் உணர்த்தினார். ஆனால், புகழ்பெற்றவர்களின் கையொப்பங்களைப் பிறரும் எழுதியிருப்பதால், வாசகத்தை மட்டும் நம்பாமல் இதழ்களின் நிழலையும் இறகுகளின் கோடுகளையும் நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: மஞ்சளித்த வார்னிஷை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வார்னிஷ் முதுமையில் மஞ்சளிப்பதால்தான் நீலம் பச்சையாகத் தெரிகிறது. ஸ்பிரிட் அந்தப் பூச்சைக் கரைத்துவிட்டால், அடியிலுள்ள நீர்வண்ணம் ஒரு துளி ஈரத்துக்கே கலைந்துவிடும். வெயில் படாத, ஈரப்பதம் ஏறியிறங்காத இடத்தில் வையுங்கள். விரிசல் கண்டிருந்தால் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் மட்டும் கொடுங்கள்.