அரிப்பு ஒருவருக்கு, மருந்து வீட்டுக்கே

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இரண்டு மாதமாக ராத்திரியானால் உடம்பெல்லாம் சொறிகிறான். மெடிக்கலில் வாங்கிய டியூபைப் போட்டால் அடங்குகிறது, விட்டால் கூடுகிறது. 8 மாதக் கைக்குழந்தைக்கும் உள்ளங்காலில் கொப்புளம். கரப்பான் என்று ஆச்சி கருவாடு, கத்தரிக்காயை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் விரலிடுக்கில் அரிப்பு. பீடி சுற்றுவதால் இருக்குமோ? - ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, புகையிலைத் தூளால் உங்கள் கை அரிக்கலாம். ஆனால் பீடி சுற்றாத கைக்குழந்தைக்கு உள்ளங்காலில் ஏன் கொப்புளம்? ராத்திரி கூடும் அரிப்பு, ஒரே வீட்டில் மூன்று பேர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொறி சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கருவாட்டைத் தாராளமாகக் கொடுங்கள்.

இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. மகனின் அரைஞாண் கயிற்றை விலக்கிப் பாருங்கள். அதன் அடியிலும், மணிக்கட்டிலும், தொப்புளைச் சுற்றியும், ஆணுறுப்பிலும் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து உறுதி செய்வார். கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருக்கலாம். அது அரிப்பை மறைக்கும், உண்ணியைக் கொல்லாது. உடனே நிறுத்துங்கள்.

மருந்து பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. ஆனால் மகனுக்கு மட்டும் போட்டால் வீண். கணவர், ஆச்சி, அரிப்பே இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். உண்ணி முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை அவர்களும் பரப்புவார்கள். கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, நகத்தடி, அக்குள், தொடையிடுக்கு, உள்ளங்கால் எதையும் விடாமல் தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவ வேண்டும், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைக்குழந்தைக்குக் கண், வாயைச் சுற்றி விட்டுவிட்டு முகத்திலும் தலையிலும் தடவலாம். விரலைச் சூப்பாமலிருக்கக் கைக்கு உறை போடுங்கள். (2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.) ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

மறுநாள் காலையில் போர்வை, தலையணை உறை, யூனிபார்ம் எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். உடம்பை விட்டு வந்த உண்ணி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பையன் அன்றே பள்ளிக்கூடம் போகலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பாயைப் பகிர்ந்து படுக்கும் எந்த வீட்டிலும் வரும். கூட உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களிடமும் சொல்லுங்கள்.

சிரங்குதானே என்று டாக்டர்களான எங்களில் சிலரும் அலட்சியமாக இருந்ததுண்டு. உலக சுகாதார நிறுவனமே 2017-இல்தான் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வீங்கும். சீழ், காய்ச்சல், காலையில் முகவீக்கம், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும், பயந்து தினமும் களிம்பு போடாதீர்கள். அதற்கப்புறமும் புதுப் பரு கிளம்பினால் வீட்டில் யாரோ ஒருவர் மருந்து போடாமல் விட்டிருப்பார். விசாரித்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.