பார்சல் டப்பாவிலேயே மிச்சத்தைச் சூடாக்கலாமா?

"பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி எடுத்து வைப்போம். மீந்த சாப்பாட்டை அதில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் டப்பாவோடு மைக்ரோவேவில் சூடாக்குவோம். அடியில் 5 என்ற எண் இருக்கிறது, 'பிபிஏ ஃப்ரீ' (பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் இல்லாதது) என்றும் போட்டிருக்கிறது. அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பதற வேண்டியதில்லை, ஆனால் டப்பாவோடு சூடாக்குவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் உணவில் இறங்குவதைக் கூட்டுபவை சூடு, எண்ணெய், புளிப்பு, உள்ளே கிடக்கும் நேரம்; எண்ணெய் மிதக்கும் மிச்சத்தை ராத்திரி முழுக்க வைத்திருந்து அதிலேயே சூடாக்கினால் இவை எல்லாமே ஒன்றுகூடிவிடுகின்றன. இப்படி இறங்கும் பொருள்களில் பலவும் தண்ணீரைவிடக் கொழுப்பில் சுலபமாகக் கரைபவை. பழைய டப்பா ஒன்றின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், சூடான எண்ணெய் நின்ற மட்டத்தில் சொரசொரவென்று இருக்கும், கறையும் போகாது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடலாம்.

5 என்றால் பாலிப்ரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும் வகைதான். ஆனால் அதைச் செய்ய பிபிஏ தேவையே இல்லை, அதனால் அந்த 'ஃப்ரீ' பெருமையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிபிஏ இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கிலும் (அடியில் 7 என்ற எண்ணோடு வருவது), டின்களின் உள்பூச்சு சிலவற்றிலும். அதை எடுத்துவிட்டுச் சிலர் சேர்க்கும் பிபிஎஸ் என்ற அதே குடும்பத்து ரசாயனமும், பிபிஏ மாதிரியே, உடலில் ஹார்மோன் போல வேலை செய்யக்கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிபிஏ தினமும் இவ்வளவு வரை உடலில் சேரலாம் என்ற அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'மைக்ரோவேவ் சேஃப்' என்பதும் டப்பா சூட்டைத் தாங்கும் என்ற உறுதிதான், எதுவுமே இறங்காது என்றல்ல.

சரி, என்ன செய்யலாம்? பார்சல் வந்ததும் சூடாக இருக்கும்போதே கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஆறட்டும் என்று 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள், கிருமி பெருகும், அது பிளாஸ்டிக்கைவிட உடனடி ஆபத்து. மறுநாள் கண்ணாடியில் சூடாக்குங்கள் (எவர்சில்வர் மைக்ரோவேவில் ஆகாது, அடுப்புக்குத்தான்). மேலே மூட பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஒரு பீங்கான் தட்டு போதும். கழுவி வைத்த டப்பாக்களில் கீறலும் மங்கலும் இல்லாதவற்றை வைத்துக்கொண்டு, பருப்பு, தானியம் மாதிரி உலர்ந்த பொருள்களைப் போட்டுவையுங்கள்.