கவுன்சலிங் அறைக்கு யாரை அழைத்துப் போவது?

வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகர்களின் பதில்கள்

மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் சண்டை. இப்போதுதான் கவுன்சலிங் போகச் சம்மதித்தார்கள். நடந்ததெல்லாம் எனக்குத்தான் தெரியும். நானும் உள்ளே போய் உட்காரலாமா?
– காரைக்குடி வாசகி

வாசல்வரை போங்கள் ஆச்சி, உள்ளே இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருந்தால் மருமகள் உங்களுக்குப் பதில் சொல்வார், மகன் வாயே திறக்கமாட்டார். அங்கே தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை, அதனால் சாட்சியும் தேவைப்படாது.

தம்பதி ஆலோசனையில் பெரும்பாலும் முதல் சந்திப்பு இருவரும் சேர்ந்து, ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். அடுத்து ஆளுக்கு ஒருமுறை தனியாக, முக்கால் மணி. நாலாவது சந்திப்பில்தான் உண்மையான வேலை தொடங்கும். குடி, கடன், மிரட்டல், வேறொரு தொடர்பு இதையெல்லாம் துணையை எதிரே வைத்துக்கொண்டு யாரும் பேசமாட்டார்கள். தனிச் சந்திப்பு அதற்காகத்தான். ஆனால் தனியாகச் சொன்னதை ஆலோசகர் மற்றவரிடமிருந்து மறைப்பாரா, மாட்டாரா? இந்த விதியை முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொல்லுங்கள். பாதியில் தெரியவந்தால், 'நீங்களும் அவர் பக்கம்தானா' என்று ஒருவர் எழுந்து போய்விடுவார். பிறகு அவரைத் திரும்ப வரவழைப்பது கடினம்.

அறைக்குள் கற்றுக்கொள்வதில் வீட்டில் உடனே உதவுவது ஒன்று: சண்டையை நடுவில் நிறுத்துவது. கோபத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சண்டை போடும் தம்பதிகளின் நாடியை அளந்தே இதைக் கவனித்தார். அது அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். இதைத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். பேச்சில்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போனால் மிச்சமிருப்பவருக்கு அது இன்னொரு அடி. 'எட்டு மணிக்குப் பேசுவோம்' என்று சொல்லிவிட்டுப் போய், எட்டு மணிக்குத் திரும்பி வரவேண்டும். மாடியில் நின்றுகொண்டு அடுத்து என்ன பதில் கொடுக்கலாம் என்று யோசித்தால் ஒரு மணி நேரமானாலும் நாடி இறங்காது.

இன்னொன்று, எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் ஓயாமல் திரும்பி வருபவை என்பது காட்மனின் கணக்கு. அவற்றை நோகாமல் பேசப் பழகுவதுதான் இலக்கு.

உங்களுக்கும் பின்னால் ஒரு நாள் அழைப்பு வரலாம். அதற்கு முன், உங்கள் பக்கத்து 'வேறு வைத்தல்' வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வளவு ஒன்று, முற்றம் ஒன்று, ஆனால் கல்யாணமானவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சின், தலைமுறைகளுக்கு நடுவே வேண்டும் என்று வலியுறுத்திய எல்லைக்கோட்டைச் செட்டிநாட்டு நகரத்தார் சமையற்கட்டிலேயே போட்டு வைத்திருந்தார்கள்! இப்போது உங்கள் வீட்டில் அடுப்பு யார் கையில்?

அப்பச்சி (அப்பா) இறந்து இரண்டு வருடம். பெரிய வீட்டில் ஆத்தா தனியாக இருக்கிறார். அண்ணன் சிங்கப்பூர், நான் சென்னை, தம்பி தேவகோட்டை. ஆத்தாவை யார் பார்ப்பது, வீட்டை என்ன செய்வது என்று போனில் தொடங்கினாலே சண்டை. இதற்கும் கவுன்சலிங் உண்டா?
– தேவகோட்டைக்காரர், சென்னை

முதல் பாதிக்கு உண்டு. வீட்டுப் பங்கு, பத்திரமெல்லாம் வக்கீல் வேலை. இரண்டையும் ஒரே மேசையில் போட்டால் ஆத்தாவின் மாத்திரையைப் பற்றிப் பேசும்போதுகூடச் சதுர அடிதான் கண்ணில் நிற்கும்.

ஆலோசகர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பகைக்கு மடிந்து மடிந்து போகும் கோடு. வரையும்போதே பல விஷயங்கள் வெளியே வரும். அப்பச்சிக்கும் பெரியப்பச்சிக்கும் பேச்சு நின்றதும் இதே மாதிரிப் பிரச்சினையில்தான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைக்கும். அடுத்தது கேள்விகள். தம்பியிடம், 'அண்ணன் போனை வைத்த பிறகு ஆத்தா என்ன செய்வார்?' என்று கேட்பார்கள். ஒருவர் உறவை மூன்றாமவர் கண்ணால் பார்க்க வைக்கும் உத்தி இது.

உங்கள் வீட்டில் ஆத்தா அண்ணன்மேல் உள்ள வருத்தத்தை உங்களிடம் சொல்லி, நீங்கள் அதை அண்ணனிடம் சேர்க்கிறீர்கள் என்றால், அதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் வைத்த பெயர் முக்கோணம். இரண்டு வாரம் யாரும் யாருடைய சேதியையும் கொண்டுபோகக் கூடாது, அவரவர் நேராகவே பேச வேண்டும் என்பதுதான் வழக்கமாகத் தரும் வீட்டுப்பாடம். கேட்கச் சுலபம், இரண்டாவது நாளே தவறும்.

வீடியோவில் சேரும்போது ஒவ்வொருவரும் தனித்தனி போனில் வாருங்கள். இங்கே மாலை 6 என்றால் சிங்கப்பூரில் 8.30. ஆத்தாவுக்குக் காது கேட்கிறதா, மறதி உண்டா, மனச்சோர்வா என்று முன்பே மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். அவரை விட்டுவிட்டு மூவர் மட்டும் பேசி முடிவெடுத்தால் அந்த முடிவு தீபாவளி வரைக்கும்கூடத் தாங்காது.

கணவர் அடிக்கிறார். 'ஜோடியாகக் கவுன்சலிங் போனால் சரியாகிவிடும்' என்கிறார். போகவா?
– பள்ளத்தூர் வாசகி

சேர்ந்து போகாதீர்கள். அறையில் உண்மையைச் சொன்னால் அதற்கு வீட்டில் அடி விழும். தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன்படி பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அதற்கு விவாகரத்து வழக்கு தேவையில்லை.

21 வயது மகள் தேர்வு பயத்துக்காகக் கவுன்சலிங் போகிறாள். அங்கே என்ன பேசினாள் என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மறுக்கிறார். பணம் கட்டுவது நாங்கள்தானே?
– கோட்டையூர் வாசகர்

மறுத்தது சரிதான். 18 வயது ஆனவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இந்த இரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

என்ன செய்கிறார்கள் என்பது இரகசியமில்லை. பெரும்பாலும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள்: என்ன நடந்தது, என்ன நினைத்தாய், பயம் நூற்றுக்கு எத்தனை, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இப்போது பயம் எத்தனை. 'ஃபெயிலாகிவிடுவேன்' என்பது 90-லிருந்து 60-க்கு இறங்கினாலே நல்ல வாரம். நோட்டை நீங்கள் எடுத்துப் படித்தால் அடுத்த வாரம் அதில் பொய்தான் இருக்கும்.

நெஞ்சுப் படபடப்பும் இருந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆலோசகரைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் அவர் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் இருக்க வேண்டும். மாத்திரை எழுதும் உரிமை அவருக்கு இல்லை, அது மனநல மருத்துவருடையது. நடு ராத்திரியில் மகள் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.