மூன்றாவது விசிலுக்கு ஓடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 47. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதமாக வீடியோ பார்த்து யோகா செய்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்ததும் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாலில் பாயை விரிப்பேன். மூன்றாவது விசில் வந்ததும் ஓடிப்போய் அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் எழ ஏழு மணியாகும். இன்னும் குனிந்து கால்விரலைத் தொட முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது, சில நாள் தலை சுற்றுகிறது. வேறு என்ன ஆசனம் சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒன்றையும் சேர்க்காதீர்கள். முதலில் அந்தக் குக்கரை இறக்கிவையுங்கள்.

குனிந்திருக்கும்போது உங்கள் தலை நெஞ்சுக்குக் கீழே இருக்கிறது. விசில் கேட்டுச் சட்டென்று நிமிர்ந்து ஓடினால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது சில நொடி குறைகிறது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய்த் தலைசுற்றலைச் சொல்லி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்பு பிடிப்பதற்கும் அவசரம்தான் காரணம். இரவெல்லாம் படுத்திருப்பதால் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் (டிஸ்க்) நீர் ஏறி உப்பியிருக்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகாமல் முழுசாகக் குனிந்தால் பாரமெல்லாம் அவற்றின் மேல்தான். தொடையின் பின்தசை இறுகியிருக்கும்போது முழங்காலை விறைத்துக்கொண்டு குனிகிறீர்கள். இடுப்பெலும்பு முன்னே சாயாது, கீழ்முதுகுதான் வளையும். கால்விரலைத் தொடுவதை மறந்துவிடுங்கள். அதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

ஆறு மணிக்குத் தொடங்குங்கள், வெறும் வயிற்றில். கோரைப்பாய் டைல்ஸில் வழுக்கும், ரப்பர் மேட் வாங்குங்கள். நேராக நின்று, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்தபடி கைகளைத் தூக்குங்கள், ஆறு எண்ணும்வரை விட்டபடி இறக்குங்கள். ஆறு தடவை. சென்னையில் பல ஆண்டுகள் கற்பித்த யோகா ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியார் அசைவை மூச்சோடு இணைத்தே சொல்லிக்கொடுத்தார். ஒரு காது அடுப்படியில் இருந்தால் மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அடுத்து கை, முழங்கால் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னே திறந்து, விடும்போது முதுகைப் பூனைபோல் மேலே வளையுங்கள், ஆறு தடவை. பிறகு ஒரு நாற்காலியைச் சுவரோரம் நகராமல் போட்டு, முழங்காலைத் தளர்வாக மடக்கி, உள்ளங்கைகளை இருக்கையில் ஊன்றிப் பாதி மட்டும் குனியுங்கள். ஐந்து மூச்சு போதும், மெதுவாக நிமிருங்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்குவது எதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கடைசியில் சவாசனம். உங்கள் கடிதத்தில் அந்தப் பேரே இல்லை. சாம்பார் கொதிக்கிற நினைப்பில் விட்டிருப்பீர்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து கிடங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு தளரும். எழும்போது வலப்பக்கம் புரண்டு, சில மூச்சு அப்படியே இருந்து, கையை ஊன்றி உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்து நில்லுங்கள்.

எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் அடுப்பு யார் பொறுப்பு? குடும்பத்துக்குப் பொங்கிப்போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன், அது பெரிய காரியம். ஆனால் கணவரிடமோ மகனிடமோ ஒருநாளாவது கேட்டீர்களா? கேட்டு அவர்கள் மறுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். நீங்கள் கேட்கவே இல்லை. தாயின் ரத்த அழுத்தம் தெரிந்தும் ஏழு மணிவரை தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் விடுவதைப் பாசம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு வரப்போகும் மருமகள் தலையிலும் அந்தக் குக்கரை இப்போதே கட்டிவைக்கிறீர்கள். மனைவி தலைசுற்றி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, காலையில் எழுந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வது கணவருக்கும் சுலபம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகனை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், கேஸ்கட்டை எப்படிப் பொருத்துவது, மூன்று விசிலில் அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கும்வரை ஏன் மூடியைத் தொடக்கூடாது என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள். திங்கட்கிழமை ஆறு மணிக்கு விசில் வரும்போது நீங்கள் ரப்பர் மேட்டில் இருக்க வேண்டும்.